162, 183, 198, 252: நெட்டலை நிலையங்கள் வழியே

ஞாயிறு, மைன்ஃப்ளிங்கன், ஜெர்மனி (2025 அக்டோபர்)

நம் ஊரில் விற்கும் ரேடியோக்களில் எம்.டபிள்யூ., எஸ்.டபிள்யூ., எஃப்.எம். என்று இருக்கும். எல்.டபிள்யூ. என்ற நெட்டலை இருக்காது. நெட்டலை ஒலிபரப்புக்கான 148.5 முதல் 283.5 கிலோஹெர்ட்ஸ் வரையான பட்டையை, உலக நாடுகளுக்கு அலைவரிசைகளைப் பங்கிடும் ஐ.டி.யு. அமைப்பு தன் முதல் மண்டலத்துக்கு மட்டுமே ஒதுக்கியது. அதாவது ஐரோப்பா, ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியாவின் பெரும்பகுதி, பழைய சோவியத் நாடுகள், மங்கோலியா. இந்தியாவும் இலங்கையும் மூன்றாம் மண்டலத்தில் வருகின்றன. இங்கே 200 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் திருப்பினால், விமானங்களுக்கு வழிகாட்டும் பீக்கன்கள் தங்கள் பெயரெழுத்துகளை மோர்ஸில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும். ஒருவேளை ஒதுக்கியிருந்தாலும் பெரிய பயன் இருந்திருக்காது. வெப்பமண்டல இடிமின்னலின் இரைச்சல் இந்த அலைகளில்தான் மிகக் கொடூரமாக விழும்.

ஐரோப்பாவில் அந்தப் பட்டை இப்போது காலியாகிக்கொண்டு வருகிறது. ரஷ்யாவும் ஜெர்மனியும் 2014இல் நிறுத்தின. பிரான்ஸ் இன்டர் 2016 கடைசி நாளோடும், யூரோப் 1 2019 கடைசி நாளோடும் நின்றன. ஆர்.எம்.சி. 2020 மார்ச்சிலும், செக் வானொலி 2021 முடிவிலும், ஆர்.டி.எல். 2022 முடிவிலும் போயின. 2023 ஏப்ரலில் அயர்லாந்து, அதே ஆண்டுக் கடைசியில் டென்மார்க்கின் காலுண்ட்போர்க். இந்தப் பட்டியலைப் பார்ப்பவர்கள் "கேட்க ஆள் இல்லை, அதனால் மூடினார்கள்" என்று முடித்துவிடுகிறார்கள். அது பாதி உண்மைதான். ஒரு நெட்டலை நிலையம் எந்த நாளில் சாகும் என்பதைப் பல இடங்களில் முடிவு செய்தது, அதன் மேல் குரலோடு கூடவே சவாரி செய்த வேறு ஏதோ ஒன்று. அதை இடம் இடமாகப் போய்ப் பார்ப்பதுதான் இந்தப் பயணம்.

முதலில் கருவிகள். டெக்சன் பிஎல்-330 மாதிரி, நெட்டலையும் எஸ்.எஸ்.பி.யும் (குரல் இல்லாத வெறும் அலையையும் விசிலாகக் கேட்க வைக்கும் முறை) உள்ள சின்ன ரேடியோ ஒன்று. சில டெக்சன் மாடல்களில் நெட்டலை மூடிய நிலையிலேயே வரும். ரேடியோவை அணைத்து வைத்து ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்துத் திறக்க வேண்டும், எந்தப் பொத்தான் என்பது மாடலுக்கு மாடல் மாறும். கூடவே, மடிக்கணினியில் மாட்டி மென்பொருள் வழியே கேட்கும் ரேடியோவான எஸ்.டி.ஆர். ஒன்று வேண்டும். மலிவான ஆர்.டி.எல்.-எஸ்.டி.ஆர். டாங்கிள் இந்தக் கீழ்ப்பட்டைக்கு உதவாது, மேலே மாற்றித் தரும் அப்கன்வர்ட்டர் தேவைப்படும். ஏர்ஸ்பை எச்.எஃப்.+ டிஸ்கவரியோ, எஸ்.டி.ஆர்.ப்ளே ஆர்.எஸ்.பி.டி.எக்ஸோ இருந்தால் கவலையில்லை. மடிக்கணினியை பேட்டரியில் மட்டும் ஓட்டுங்கள். அதன் சார்ஜரே முதல் எதிரி.

மைன்ஃப்ளிங்கன் ஃப்ராங்ஃபர்ட்டுக்குத் தென்கிழக்கே சுமார் 25 கிலோமீட்டரில் இருக்கிறது. இங்கிருந்து டி.சி.எஃப்.77 என்ற நேரக்குறி 77.5 கிலோஹெர்ட்ஸில், 50 கிலோவாட்டில் போகிறது. இதில் குரலே இல்லை. ஜெர்மானிய வீடுகளின் சுவர்க் கடிகாரங்கள் தானாகச் சரிசெய்துகொள்வது இதைக் கேட்டுத்தான். டெக்சனில் இவ்வளவு கீழே வராது, எஸ்.டி.ஆர்.தான் வேண்டும். எஸ்.எஸ்.பி.யின் மேல்பக்க முறையான யு.எஸ்.பி.யில் 76.5க்கு வைத்தால் 1 கிலோஹெர்ட்ஸ் விசில் கேட்கும். ஒவ்வொரு நொடியும் அது ஒரு கணம் தாழும். 0.1 நொடி தாழ்ந்தால் பூஜ்யம், 0.2 நொடி தாழ்ந்தால் ஒன்று. 59ஆம் நொடியில் தாழாது, அடுத்த தாழ்வு புது நிமிடத்தின் தொடக்கம். பத்து நிமிடம் கவனித்தால் காதாலேயே நிமிடம் பிடித்துவிடலாம். இதை மூடப்போவதாகப் பேச்சே இல்லை. பார்க்க வேறொன்றும் இல்லை, கம்பி வேலியும் கோபுரங்களும்தான்.

திங்கள், பெரூஸ், ஸார்லாந்து

யூரோப் 1 பிரெஞ்சு வானொலி, ஆனால் அதன் நெட்டலை ஒலிபரப்பி ஜெர்மானிய மண்ணில் இருந்தது. பிரான்ஸுக்குள் தனியார் வானொலிக்கு அனுமதி இல்லாத காலம். எல்லையை ஒட்டி வெளியே நின்று உள்ளே பேசினார்கள். லக்சம்பர்க்கிலிருந்து ஆர்.டி.எல்., மொனாக்கோ பெயரில் ஆர்.எம்.சி., ஸார்லாந்திலிருந்து யூரோப் 1. ஸார்லாந்து அப்போது பிரான்ஸின் பிடியில் இருந்தது. 1955 ஜனவரி 1இல் ஒலிபரப்பு தொடங்கியது. 1957இல் ஸார் ஜெர்மனியோடு சேர்ந்த பிறகும் நிலையம் அங்கேயே இருந்தது. ஸ்டூடியோ பாரிஸில், ஒலிபரப்பி பெரூஸில்.

இங்கே வருவதற்கான முதல் காரணம் ஒலிபரப்பி இருந்த கூடம். சிப்பி மாதிரி வளைந்த கான்கிரீட் கூரை, உள்ளே ஒரு தூண்கூடக் கிடையாது. கட்டும்போதே கூரை தகராறு செய்தது. பிரான்ஸின் முன்னழுத்தக் கான்கிரீட் மேதை யூஜேன் ஃப்ரெய்சினேயைக் கூப்பிட்டு வலுப்படுத்த வேண்டியதாயிற்று. இப்போது இது பாதுகாக்கப்பட்ட கட்டடம், உள்ளூர் நகராட்சி வசம் இருக்கிறது. வழிகாட்டியோடு போகும் நாட்களில்தான் உள்ளே விடுவார்கள், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஸார்ப்ரூக்கனிலிருந்து ஸார்லூயிக்கு ரயில், அங்கிருந்து பேருந்து. மாலைப் பேருந்துகள் குறைவு, கார் இருந்தால் நிம்மதி.

தூணில்லாக் கூடம் எதற்கு? அந்தக் காலத்து உயர்சக்தி ஒலிபரப்பி ஒரு பெட்டி அளவில் அடங்காது. வால்வு அலமாரிகள், மின்மாற்றிகள், தண்ணீர் குளிரூட்டும் குழாய்கள், கை அகலச் செம்புக் குழாயில் சுற்றிய சுருள்கள் எல்லாவற்றையும் இடம் மாற்றிப் பழுதுபார்க்க இடம் வேண்டும். சுருளைச் சுற்றி அதன் விட்டத்தின் அளவுக்காவது இரும்பு இல்லாமல் இருக்க வேண்டும். அருகில் இரும்புத் தூண் நின்றால் அது சூடேறும், மின்சாரம் வீணாகும், ட்யூனிங்கும் நகரும்.

இன்னொரு விஷயம். நாடுகளுக்கு அலைவரிசைகளைப் பங்கிட்ட 1975 ஜெனீவாத் திட்டம் நெட்டலையை 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் பிரித்தது: 153, 162, 171 என்று போகும். யூரோப் 1 மட்டும் 180இல் உட்காராமல் 183இல் உட்கார்ந்தது. பழைய டயல் ரேடியோவில் இது யாருக்கும் தெரியாது. 9 கிலோஹெர்ட்ஸ் படிகளில் மட்டும் தாவும் டிஜிட்டல் ரேடியோவில் 183 வரவே வராது, 1 கிலோஹெர்ட்ஸ் படிக்கு மாற்றினால்தான் வந்தது.

பெரூஸின் அலைமேல் யூரோப் 1 தவிர வேறு எதுவும் சவாரி செய்யவில்லை. கடிகாரமும் இல்லை, மீட்டரும் இல்லை. ஆகவே 2019 டிசம்பர் 31 இரவில் குரல் நின்றபோது மொத்தமும் நின்றது. குரலைச் சுமக்கும் அடிப்படை அலையான கேரியரை வைத்திருக்க யாரும் காசு தரவில்லை.

செவ்வாய், பாரிஸ்

ஸார்ப்ரூக்கனிலிருந்து பாரிஸ் கிழக்கு ரயில் நிலையத்துக்கு அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். பசிப்பவர்கள் அங்கிருந்து நடந்தே லா ஷப்பெல் போகலாம், ஈழத்தமிழர் கடைகளில் கொத்துரொட்டி கிடைக்கும். இன்றைய குறிப்பு ஹோட்டல் அறையைப் பற்றியது. நெட்டலை கேட்பவர்கள் தோற்பது பெரும்பாலும் அங்கேதான்.

ஃபோன் சார்ஜர், எல்.இ.டி. விளக்கு, டி.வி. எல்லாவற்றுக்குள்ளும் ஸ்விட்சிங் பவர் சப்ளை இருக்கிறது. அது பெரும்பாலும் 60இலிருந்து 150 கிலோஹெர்ட்ஸுக்குள் ஓடும். அதன் இரண்டாம், மூன்றாம் மடங்குகள் நேராக நெட்டலைப் பட்டையில் வந்து விழும். லிஃப்ட் மோட்டாரின் வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டி இன்னும் மோசம், லிஃப்ட் நகரும்போதெல்லாம் பட்டை முழுக்க உறுமும். செய்ய வேண்டிய வரிசை இது. அறையில் எல்லா ப்ளக்கையும் பிடுங்குங்கள், சாவி அட்டையையும் உருவிவிடுங்கள். ரேடியோவை ஜன்னலோரம் கொண்டுபோங்கள். பிறகு மெதுவாகத் திருப்புங்கள். உள்ளே இருக்கும் ஃபெரைட் தண்டின் பக்கவாட்டில் வரும் அலை பலமாகக் கேட்கும், தண்டின் நுனி காட்டும் திசையிலிருந்து வருவது மறைந்துபோகும். நிலையத்தைப் பலமாக்க முயல்வதைவிட, இரைச்சலை நோக்கி நுனியைக் காட்டி அதைக் கொல்வதுதான் பலிக்கும். பலமாகும் திசை அகலமானது, ஐம்பது டிகிரி தவறினாலும் பெரிதாக இழப்பில்லை. மறையும் திசை ஊசி முனை, இரண்டு மூன்று டிகிரிக்குள் பிடிக்க வேண்டும். வயர்களில் மாட்டும் சின்ன ஃபெரைட் கிளிப்புகள் இந்த அலைகளில் ஒன்றும் செய்யாது. 75 ரக ஃபெரைட் வளையத்தில் (டொராய்டு) அதே வயரை எட்டுப் பத்துச் சுற்று சுற்றினால் ஓரளவு அடங்கும்.

அடுத்த நாட்களுக்காக ஒரு சுருள். ட்ராய்ட்விச் பக்கம் பேட்டரி இல்லாத கிரிஸ்டல் செட்டுக்கு இது வேண்டும். 10 மில்லிமீட்டர் விட்டம், 20 சென்டிமீட்டர் நீளமுள்ள ஃபெரைட் தண்டு. அதன் மேல் ஒரு காகிதக் குழல், குழலின் மேல் எனாமல் கம்பி சுமார் 200 சுற்று. எல்லாவற்றையும் ஒரே குவியலாகச் சுற்றாதீர்கள், ஐம்பது ஐம்பதாக நான்கு கட்டுகளாகப் பிரித்து நடுவே சில மில்லிமீட்டர் விடுங்கள். ஒரே குவியலானால் சுற்றுகளுக்கு இடையே கெப்பாசிட்டன்ஸ் ஏறி மேல் அலைவரிசைகள் எட்டாமல் போகும். எல்.சி.ஆர். மீட்டரில் 2 மில்லிஹென்றி காட்டும்வரை சுற்றுகளைக் கூட்டிக் குறையுங்கள். தண்டுக்குத் தண்டு ஃபெரைட் மாறுவதால் சுற்று எண்ணிக்கையை நம்ப முடியாது, மீட்டரைத்தான் நம்ப வேண்டும். இதற்குப் பழைய வால்வு ரேடியோவில் நிலையம் மாற்ற உதவிய, இரண்டு பகுதிகள் உள்ள காங் கண்டென்சர் பொருந்தும். 2 மில்லிஹென்றியோடு 162 கிலோஹெர்ட்ஸுக்கு 483 பிகோஃபாரட், 198க்கு 323, 225க்கு 250, 252க்கு 199 வேண்டும். 365 பிகோஃபாரட் காங் என்றால் 162க்கு இரண்டு பகுதிகளையும் இணையாகக் கட்டுங்கள், இல்லாவிட்டால் எட்டாது.

புதன், அலூயி

பிரான்ஸ் இன்டர் ஒலித்த 162 கிலோஹெர்ட்ஸ் நிலையம் இருக்கும் அலூயிக்குச் செவ்வாய் வராமல் புதன் வருவதற்குக் காரணம் உண்டு. செவ்வாய்க்கிழமைகளில் பராமரிப்புக்காகச் சில மணி நேரம் அலையை நிறுத்துவது இந்த நிலையத்தின் வழக்கம். பாரிஸ் ஆஸ்டெர்லிட்ஸிலிருந்து வியர்ஸோன், அங்கிருந்து பூர்ஷ் போகும் உள்ளூர் ரயிலில் மியூன்-சூர்-யேவ்ரில் இறங்க வேண்டும். மீதிச் சில கிலோமீட்டருக்கு சைக்கிளோ டாக்சியோதான். சமவெளி, 350 மீட்டர் உயர இரட்டைக் கோபுரங்கள், வழி கேட்க வேண்டிய தேவையே வராது. உள்ளே அனுமதி இல்லை, சாலையிலிருந்துதான் பார்க்கலாம்.

டெக்சனை 162க்கு வைத்து சாதாரண ஏ.எம்.மில் கேட்டால் விசித்திரமாக இருக்கும். சிக்னல் மீட்டர் முழுக்க ஏறி நிற்கும், ஸ்பீக்கரில் ஒன்றும் வராது, பின்னணி இரைச்சல்கூட அடங்கிவிடும். ரேடியோ பழுது என்று நினைத்துவிடாதீர்கள். 2016 டிசம்பர் 31க்குப் பிறகு இங்கே குரல் இல்லை, கேரியர் மட்டும் 800 கிலோவாட்டில் போய்க்கொண்டிருக்கிறது. அதன் ஃபேஸை, அதாவது அலை ஏறி இறங்கும் கணத்தை, ஒரு ரேடியன் முன்னும் பின்னும் ஆட்டி, அந்த ஆட்டத்தில் பிரான்ஸின் சட்டபூர்வ நேரத்தை அனுப்புகிறார்கள். ஏ.எம். டிடெக்டருக்கு அலையின் உயரம்தான் தெரியும், ஃபேஸ் தெரியாது. எஸ்.எஸ்.பி.க்கு மாற்றி 161இல் வைத்தால் 1 கிலோஹெர்ட்ஸ் விசில் வரும், அது நடுங்கிக்கொண்டே இருக்கும். நொடியின் தொடக்கத்தில் ஒரு துடிப்பு என்றால் பூஜ்யம், அடுத்தடுத்து இரண்டு என்றால் ஒன்று. குறியீட்டு முறை மைன்ஃப்ளிங்கனில் கேட்டதைப் போலத்தான். நொடியின் மீதிப் பகுதியில் வேறு தரவுகளும் போவதால் காதால் பிரிப்பது அதைவிடச் சிரமம்.

குரலை நிறுத்தியும் அலையை நிறுத்த முடியாமல் போனதற்கு இந்தக் கடிகாரங்கள்தான் காரணம். ரயில்வே, மின்விநியோகம், விமான நிலையங்கள், மருத்துவமனைகள், நகராட்சிகள் என்று இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கருவிகள் இதைக் கேட்டு ஓடுகின்றன. ஜி.பி.எஸ். இருக்கிறதே என்பார்கள். ஜி.பி.எஸ். ஆன்டெனாவுக்கு வானம் தெரிய வேண்டும். 1,850 மீட்டர் நீளமுள்ள அலை கட்டடத்தின் நடுவே, அடித்தள அறையில் இருக்கும் கடிகாரத்துக்கும் போய்ச் சேரும். அங்கே வயர் இழுப்பதைவிட இது மலிவு.

குரலோடு போன இன்னொன்று கடல் வானிலை. மீன்பிடிப் படகுகளுக்கும் பாய்மரக்காரர்களுக்கும் பிரான்ஸ் இன்டர் நெட்டலையில்தான் வானிலை வாசித்தார்கள். கடிகாரத்துக்குக் கிடைத்த மரியாதை படகுக்குக் கிடைக்கவில்லை, அதுதான் உறுத்துகிறது.

இந்தக் கோபுரங்கள் ஏன் இத்தனை உயரம்? அலைநீளத்தில் கால் பங்கு உயரம் இருந்தால் ஆன்டெனா இயல்பாக வேலை செய்யும். 162க்கு அந்தக் கால் பங்கே 463 மீட்டர், 350 மீட்டரும் குட்டைதான். குட்டையான ஆன்டெனாவின் கதிர்வீச்சுத் தடை சில ஓம்களுக்கு இறங்கிவிடும். தரைக்குள் போகும் மின்னோட்டத்துக்கும் அதே அளவு தடை இருந்தால் பாதி மின்சாரம் மண்ணைச் சூடாக்கவே செலவாகும். அதனால்தான் கோபுர அடியிலிருந்து சக்கரத்தின் ஆரங்கள் போலச் செம்புக் கம்பிகளை எல்லாத் திசையிலும் மண்ணுக்குள் புதைக்கிறார்கள். மூடிய நிலையங்களில் முதலில் காணாமல் போவதும் அந்தச் செம்புதான்.

வியாழன், ட்ராய்ட்விச்

லண்டனிலிருந்து பர்மிங்ஹாம், அங்கிருந்து வூஸ்டர் போகும் ரயிலில் ட்ராய்ட்விச் ஸ்பா. நிலையம் ஊருக்கு வெளியே விச்போல்டில், எம்5 நெடுஞ்சாலையின் ஐந்தாம் சந்திப்பை ஒட்டி. 213 மீட்டர் கோபுரங்கள் இரண்டு, அவற்றுக்கு நடுவே கம்பியால் கட்டிய டி வடிவ ஆன்டெனா. 198 கிலோஹெர்ட்ஸின் கால் அலைநீளம் 378 மீட்டர். உயரத்தில் குறைந்ததை ஈடுகட்டத்தான் மேலே குறுக்குக் கம்பி. கீழிருந்து மேல்நோக்கிப் போகும் கம்பிதான் கதிர்வீச்சைச் செய்கிறது. குறுக்குக் கம்பி கெப்பாசிட்டராக நின்று மேல்முனையிலும் மின்னோட்டம் பாய வைக்கிறது.

பி.பி.சி.யின் இந்த நிலையம் 1934இல் தொடங்கியது. பல தலைமுறைக்கு இது 200 கிலோஹெர்ட்ஸ், அதாவது 1,500 மீட்டர். ஜெனீவாத் திட்டத்துக்குப் பணிந்து 1988 பிப்ரவரி 1இல் 198க்கு நகர்ந்தது. கேரியர் ரூபிடியம் கடிகாரத்தோடு பூட்டப்பட்டிருப்பதால், பிரிட்டனின் பட்டறைகள் இதையே அளவுகோலாக வைத்து ஃப்ரீக்வன்சி கவுன்டர்களைச் சரிபார்த்தன. 200 இருந்தபோது கணக்கு சுலபம், ஐம்பதால் பெருக்கினால் 10 மெகாஹெர்ட்ஸ். 198 வந்ததும் சுற்றுகளை மாற்ற வேண்டியதாயிற்று. 198ஐ 99ஆல் வகுத்தால் 2 கிலோஹெர்ட்ஸ், 10 மெகாஹெர்ட்ஸை 5,000ஆல் வகுத்தாலும் 2 கிலோஹெர்ட்ஸ். இரண்டையும் ஃபேஸ் ஒப்பிட்டு ஆஸிலேட்டரை இழுத்துப் பிடிக்கலாம். இப்படி இழுத்துப் பிடிக்கும் சுற்றை (லூப்) மிக மெதுவாக ஓடும்படி வைக்க வேண்டும், வேகமாக வைத்தால் அலைமேல் போகும் தரவு ஆட்டத்தையும் சேர்த்துப் பின்தொடர்ந்துவிடும். இரவில் அளக்காதீர்கள். அயனமண்டலத்தில் பட்டுத் திரும்பும் அலை தரை அலையோடு கலந்து ஃபேஸை நகர்த்தும்.

அந்தத் தரவு ஆட்டம்தான் ட்ராய்ட்விச்சின் உயிரைப் பிடித்து வைத்திருந்தது. 1980களிலிருந்து ரேடியோ டெலிஸ்விட்ச் என்ற சேவை இதே கேரியரின் ஃபேஸை 22.5 டிகிரி அசைத்து, நொடிக்கு 25 பிட் வேகத்தில் மின்மீட்டர்களுக்குக் கட்டளை அனுப்பியது. இரவுக் கட்டணம் எப்போது தொடங்கும், ஹீட்டரும் வெந்நீர்த் தொட்டியும் எப்போது ஓட வேண்டும் என்பதையெல்லாம் மீட்டர் பக்கத்துப் பெட்டி இங்கிருந்து கேட்டுக்கொள்ளும். நூறு வீட்டுக்கு ஒரு கட்டளை, பத்து லட்சம் வீட்டுக்கும் அதே ஒரு கட்டளை. இந்த முறைக்கு அதுவே பலம். பெட்டி கட்டளையைக் கேட்கும், பதில் சொல்லாது. பெறப்பட்டதா என்று மின்நிலையத்துக்குத் தெரியவே தெரியாது. அது பலவீனம்.

இந்தச் சேவைக்கு 2025 ஜூன் 30 என்று கெடு வைத்து, பிறகு பகுதி பகுதியாக நிறுத்தத் தொடங்கினார்கள். மாற்றாத மீட்டருக்கு என்ன ஆகும்? கட்டளை வராத பெட்டி ஹீட்டரைத் தொடர்ந்து ஓட விடலாம், ஓடவே விடாமல் நிறுத்தலாம், அல்லது விலை ஏறிய பகலில் ஓட விடலாம். ஸ்மார்ட் மீட்டருக்கு மாற்றுவதும் எல்லா வீட்டிலும் உடனே நடக்கிற காரியம் இல்லை. தடித்த சுவருள்ள அடுக்ககத்தின் அடித்தள மீட்டர் அறையில் செல்ஃபோன் சிக்னல் இருக்காது. நெட்டலை அங்கே சிரமப்படாமல் நுழைந்தது.

இந்தக் குறிப்பை எழுதிய 2025 அக்டோபரில் பி.பி.சி. ரேடியோ 4 இன்னும் 198இல் ஒலித்தது. ஆனால் 2024 ஏப்ரலோடு நெட்டலைக்கென்று இருந்த தனி நிகழ்ச்சிகள் போய்விட்டன, அதன் பிறகு எஃப்.எம்.மில் வந்ததே இதிலும். டெஸ்ட் மேட்ச் ஸ்பெஷல் கிரிக்கெட் வர்ணனை 2023 ஆஷஸ் தொடரோடு இங்கே முடிந்தது. எந்த ஓவர் நடந்தாலும் கப்பல் வானிலைக்கு நேரம் வந்ததும் வர்ணனையை அறுத்துவிடுவார்கள், அதற்காகத் திட்டாத ரசிகர் இல்லை.

செலவைக் கணக்கிடலாம். 500 கிலோவாட் கேரியர், ஒலிபரப்பியின் திறன் 70 விழுக்காடு என்று வைத்தால் மின்கம்பியிலிருந்து சுமார் 714 கிலோவாட் இழுக்கும். ஆண்டு முழுக்க ஓட்டினால் 62 லட்சம் யூனிட்டுக்கு மேல். இதில் பேச்சைச் சுமப்பது எவ்வளவு? ஏ.எம்.மில் குரல் கேரியரை 30 விழுக்காடு ஏற்றி இறக்கினால் (மாடுலேஷன்), அந்தக் குரலைச் சுமக்கும் பக்கப் பட்டைகளில் இருப்பது கேரியரில் 4.5 விழுக்காடு, அதாவது 22.5 கிலோவாட். மீதியெல்லாம் ரேடியோப் பெட்டியின் டிடெக்டர் மலிவாக இருப்பதற்காக ஒலிபரப்புபவர் கட்டும் விலை. கேட்பவர் கோடிக்கணக்கில் இருந்தபோது அது நல்ல பேரம். இதோடு வால்வுப் பிரச்சினையும் சேர்கிறது. இந்த ஒலிபரப்பிக்கான இறுதிநிலை வால்வு வகை இப்போது உற்பத்தியில் இல்லை.

நேற்றைக்கு முந்தைய நாள் சுற்றிய சுருளை இங்கே வெளியே எடுங்கள். சுருளோடு காங் இணையாக, மேல்முனையிலிருந்து 1என்34 ஜெர்மானியம் டையோடு, பிறகு கிரிஸ்டல் இயர்ஃபோன். இயர்ஃபோனுக்குக் குறுக்கே 100 கிலோஓம் தடை கட்டாயம். பீசோ இயர்ஃபோனில் நேர்மின்னோட்டம் போக வழி இல்லை, தடை இல்லாவிட்டால் மின்னூட்டம் தேங்கி ஒலி அமுங்கிவிடும். சிலிக்கான் 1என்4148 போட்டு ஏமாறாதீர்கள், அது கடத்தத் தொடங்கவே அதிக வோல்ட் கேட்கும். நல்ல தரை என்று வைத்துக் கணக்கிட்டால் 5 கிலோமீட்டரில் அலையின் வலிமை மீட்டருக்கு 1.3 வோல்ட் அளவு. ஆன்டெனாக் கம்பியும் எர்த்தும் இல்லாமல் தண்டு ஒன்றே போதும். மாறாக டெக்சன் இவ்வளவு அருகில் திணறும், 198 டயல் முழுக்கக் கேட்கும். நன்றாக விலகிப் போனால் சரியாகும். வேலியில் கை வைக்காதீர்கள். நீளமான கம்பி வேலியில் இந்த அலை ஏறி நிற்கும், தொட்ட இடத்தில் சின்னதாகச் சுடும்.

ஒலித்தரம் என்னவோ கம்பளிக்குள்ளிருந்து பேசுவது போலத்தான். 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் 4.5க்கு மேல் ஒலியலை போக முடியாது. தவிர, 198இல் 9 என்பது நான்கரை விழுக்காடு. கூர்மையாக ட்யூன் ஆகும் குட்டை ஆன்டெனா அந்த ஓரங்களையும் வெட்டிவிடும்.

வெள்ளி, ஹோலிஹெட் கப்பல்

ரயிலும் கப்பலும் சேர்ந்த ஒரே டிக்கெட் கிடைக்கிறது. கப்பலுக்குள் உட்கார்ந்து கேட்க முயன்றால் ஒன்றும் வராது, எஃகு உடல் எல்லாவற்றையும் மறைக்கும். மேல்தளத்துக்குப் போங்கள். உப்புத் தண்ணீர் மிக நல்ல கடத்தி, அதன் மேல் நெட்டலை மண்மேல் போவதைவிடக் குறைவாகத்தான் தேயும். ஐரிஷ் கடல் நடுவே 198 பட்டப்பகலில் இரைச்சலின்றி வந்தது.

ஸ்காட்லாந்தின் வெஸ்டர்க்ளென், பர்க்ஹெட் இரண்டும் 2025 அக்டோபரில் இதே 198இல் தலா 50 கிலோவாட் அனுப்பின. இரண்டு நிலையங்களும் சம வலிமையில் வரும் இடங்களில் ஒலி குழைந்து போகும். அங்கே ரேடியோவைத் திருப்பி ஒன்றை மறைத்தால் மற்றது தெளியும்.

சனி, க்ளார்க்ஸ்டவுன், மீத் மாவட்டம்

டப்ளினிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் சம்மர்ஹில். அதன் பக்கத்தில் க்ளார்க்ஸ்டவுன். இங்கே நின்ற 248 மீட்டர் கோபுரம் இப்போது இல்லை. 2023 ஏப்ரல் 14இல் 252 கிலோஹெர்ட்ஸ் நின்றது, ஜூலை 27இல் கோபுரத்தை வெடிவைத்து வீழ்த்தினார்கள்.

பெரூஸுக்கு நேர்மாறான கதை இது. அயர்லாந்து மண்ணிலிருந்து பிரிட்டனை நோக்கிப் பேசிய நிலையம். 1989 செப்டம்பர் 1இல் அட்லாண்டிக் 252 என்ற பாட்டு வானொலி இங்கே தொடங்கியது, அயர்லாந்தின் அரசு வானொலியான ஆர்.டி.இ.யும் லக்சம்பர்க்கின் ஆர்.டி.எல்.லும் கூட்டாளிகள். கேட்டவர்களில் பெரும்பாலோர் பிரிட்டன்காரர்கள். பிரிட்டனில் எஃப்.எம். பாட்டு நிலையங்கள் பெருகியதும் கம்பளிக்குள் பாடுவதை யார் கேட்பார்கள்? 2001 முடிவில் அது போயிற்று. 2004இல் ஆர்.டி.இ. ரேடியோ 1 வந்து அமர்ந்தது. 2014இல் மூடப்போவதாக அறிவித்தபோது எதிர்ப்பு கிளம்பியது இங்கிலாந்திலிருந்து, அங்கே குடியேறி முதியவர்களாகிவிட்ட அயர்லாந்துக்காரர்களிடமிருந்து. அவர்களுக்காகத் தள்ளித் தள்ளிப் போட்டார்கள். கடிகாரமும் மீட்டரும் இல்லாமல் கேட்பவர்களே ஒரு நெட்டலை நிலையத்தை எட்டு ஆண்டுக்கு மேல் தாங்கிப் பிடித்தார்கள் என்றால் அது இங்கேதான்.

கோபுரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. இவை தன்காலில் நிற்பவை அல்ல, பக்கங்களிலிருந்து இழுத்துக் கட்டிய ஸ்டே கம்பிகளில் நிற்பவை. ஒரு பக்கக் கம்பிகளை வெடியால் அறுத்தால் மறுபக்கக் கம்பிகளின் இழுப்பே கோபுரத்தைச் சாய்த்துவிடும். அதே காரணத்தால் கம்பி மாற்றும் வேலைதான் இவற்றின் வாழ்வில் ஆபத்தான நேரம். போலந்தின் கான்ஸ்டான்டினோவில் 646 மீட்டர் நெட்டலைக் கோபுரம், அந்நாளில் உலகிலேயே உயரமான கட்டுமானம், 1991 ஆகஸ்ட் 8இல் கம்பி மாற்றும்போதுதான் விழுந்தது. போலந்து அதோடு விட்டுவிடவில்லை. 1999இல் சோலெட்ஸ் குயாவ்ஸ்கியில் 1,000 கிலோவாட் நிலையம் புதிதாகக் கட்டி இன்றும் 225இல் பேசுகிறது.

க்ளார்க்ஸ்டவுன் மூடியதில் ஒருவருக்கு லாபம். அல்ஜீரியாவின் திபாஸா நிலையமும் 252தான், இதுவரை அயர்லாந்தில் அது அமுங்கிக் கிடந்தது. இருட்டியபின் 252க்கு வையுங்கள். திபாஸா இங்கிருந்து சுமார் 2,000 கிலோமீட்டர், ஏறக்குறைய தெற்கே. ஆகவே ஃபெரைட் தண்டு கிழக்கு மேற்காக இருக்க வேண்டும். பிரெஞ்சில் பேச்சும் பாட்டும் வந்தால் அது அல்ஜியர்ஸின் மூன்றாம் அலைவரிசை. தண்டை வடக்கு தெற்காகத் திருப்பினால் 225இல் போலந்தும், ருமேனியாவின் பாட் நிலையம் 153இலும் பலமாகும்.

சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்துகொண்டு இவற்றைக் கேட்க விரும்புபவர்களுக்கு இணையம் வழியே கேட்கும் எஸ்.டி.ஆர். ரேடியோவான, நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழக வெப்எஸ்டிஆர் இருக்கிறது, ப்ரவுசரே போதும். நம் நேரம் இரவு பதினொன்றுக்கு மேல் போனால் ஐரோப்பாவில் மாலை இருட்டியிருக்கும் (கோடையில் இன்னும் இரண்டு மூன்று மணி நேரம் தள்ளி). 198 இன்னும் ஒலித்தால் அதை ஏ.எம்.மில் வையுங்கள், ஃபில்டர் அகலம் 9 கிலோஹெர்ட்ஸ் வரை திறக்கலாம். 162க்கு மட்டும் யு.எஸ்.பி., 161இல்.